தேங்காய் நிமிர்ந்த இடத்தில் போர் போடலாமா? அறிவியலை அடையாளம் காண ஓர் எளிய வழி

பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. கோடையில் பழைய போர் (ஆழ்துளைக் கிணறு) வறண்டுவிடும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லிவிடுவதற்கு முன்பு நிலத்தடியில் தண்ணீர் எங்கே என்று குறிகாட்டுகிற நீரோட்டம் பார்க்கிறவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். இன்னொருவர் கவட்டைக் குச்சியோடு வருவார், அது ஓரிடத்தில் சட்டென்று கீழே வளையும். மூன்றாமவர் திரையும் பொத்தான்களும் வைத்த பெட்டியைக் கொண்டுவந்து, "எண்ணூத்தம்பது அடியில ரெண்டு இன்ச் தண்ணி இருக்குதுங்க" என்று சொல்லி ஒரு தாளையும் அச்சடித்துக் கொடுப்பார். நான்காவதாக ஒரு நிலவியலாளர் வந்து நாலு கம்பிகளை மண்ணில் அடித்து, ஒயர் இழுத்து, கணக்குப் போட்டு, "நூறு அடி வரைக்கும் பாறை மக்கியிருக்கிற மாதிரி தெரியுதுங்க. அதுக்குக் கீழே உறுதியாச் சொல்ல முடியாது" என்பார்.

இந்த நால்வரில் அறிவியல் பேசியவர் யார் என்று கேட்டால் பலர் பெட்டிக்காரரைக் காட்டுவார்கள். அவரிடம் கருவி இருக்கிறது, எண் இருக்கிறது, தயக்கம் இல்லை. நிலவியலாளரோ தனக்குத் தெரியாததைத் தானே ஒப்புக்கொண்டார். அறிவியலையும் அறிவியல் போலத் தோன்றுவதையும் நாம் மாற்றிப் புரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படித்தான். கருவி, எண், பட்டம், ஆங்கிலச் சொல், உறுதியான குரல் இவையெல்லாம் வெளித்தோற்றம். உள்ளே பார்க்க வேண்டியது ஒன்றைத்தான்: சொன்னது தப்பாக இருந்தால், அது தப்பு என்று வெளிப்படுவதற்கு ஒரு வழி முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறதா? தத்துவவாதி கார்ல் பாப்பர் 1934இல் இதைத் தத்துவமாக எழுதினார். எது நடந்தாலும் பொருந்திப்போகிற கூற்று உலகத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பது அவர் வாதம்.

போர் விஷயத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். எண்ணூறு அடி போயும் புழுதிதான் கிளம்புகிறது. "இன்னும் நூறடி போங்க." போனோம், இல்லை. "வண்டிக்காரன் ரெண்டடி தள்ளி அடிச்சுட்டான்." "பக்கத்துத் தோட்டத்துக்காரர் இழுத்துட்டார்." "ஓட்டம் திசை மாறிடுச்சு." இவற்றில் ஏதாவது ஒன்று ஏதாவது ஒரு தோட்டத்தில் உண்மையாகவே நடந்திருக்கலாம். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் தோற்ற பிறகு மட்டுமே வருகின்றன. தண்ணீர் வந்தால் குச்சிக்குப் பெருமை, வராவிட்டால் குச்சிக்குக் குறையில்லை. தோற்கவே முடியாத ஆட்டத்தில் ஜெயித்ததற்கு மதிப்பு கிடையாது.

"அதெல்லாம் இருக்கட்டும், அவர் காட்டின இடத்தில் எங்க மாமன் தோட்டத்தில் தண்ணி வந்ததே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கணக்கில்தான் தேட வேண்டும். ஓர் ஊரில் பத்துப் போர் போட்டால் ஏழில் ஏதோ கொஞ்சம் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்து, விழுந்த இடத்தில் போட்டாலும் பத்துக்கு ஏழு கிடைக்கும். நீரோட்டக்காரரும் பத்துக்கு ஏழு என்றால் அவர் கூட்டிக்கொடுத்தது ஒன்றுமில்லை. பத்துக்கு ஒன்பது என்றால்தான் பேச்சே தொடங்கும்.

இந்த அடிப்படை விகிதம் தெரிய வேண்டுமானால், உங்கள் ஊரில் கடந்த ஐந்து வருடத்தில் போட்ட போர்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் இடம் காட்டியது, எத்தனை அடி, போட்ட அன்று எவ்வளவு, அடுத்த சித்திரையில் எவ்வளவு என்று நாலு பத்தி போதும். "எல்லாவற்றையும்" என்பதுதான் முக்கியம். தண்ணீர் வந்த போருக்கு மோட்டார் இருக்கும், கதை இருக்கும், கிடா விருந்துகூட நடந்திருக்கும். வராத போர் ஒரு கல்லுக்கடியில் கிடக்கும், அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஜெயித்தவற்றை மட்டும் எண்ணினால் எந்தக் குச்சியும் பொய்க்காது. (அந்தக் கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை: கைவிட்ட போரைக் கல் வைத்து மூடினால் போதாது. இரும்பு மூடியைப் போரின் வாயில் இருக்கும் கேசிங் பைப்போடு இறுக்கிவிடுங்கள். குழந்தைகள் நடமாடுகிற இடம்.)

குச்சி வளைவது நிஜம்தான்

நீரோட்டம் பார்க்கிறவர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பது பெரும்பாலும் தவறு. குச்சி தானாக வளைவதாக அவர் மனதார உணர்கிறார். கவட்டைக் குச்சியின் இரு கிளைகளையும் விரித்து, உள்ளங்கை மேலே பார்க்கப் பிடிக்கும்போது அது இழுத்துக் கட்டிய வில்லைப் போல ஆகிவிடுகிறது. மணிக்கட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பினாலே முனை பலமாகக் கீழே போகும். தேங்காயும் அப்படித்தான். கையில் அது உட்கார்ந்திருக்கும் நிலை உறுதியற்றது, விரல்கள் சற்று மடங்கினால் நிமிர்ந்துவிடும். எதிர்பார்ப்பு தசையை அசைக்கிறது, அசைத்தது தெரிவதில்லை. 1852இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கார்பென்டர் இதற்கு ஐடியோமோட்டார் விளைவு என்று பெயர் வைத்தார்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு போல்ட்டு நட்டை ஓரடி நூலில் கட்டுங்கள். தாளில் பெருக்கல் குறி போட்டு, முழங்கையை மேசையில் ஊன்றி, குறிக்கு மேலே நட்டைத் தொங்கவிடுங்கள். கையை அசைக்காமல், "கிழக்கு மேற்காக ஆடும்" என்று மட்டும் நினைத்துக்கொண்டு அதையே பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் பெரும்பாலானோர் கையில் ஆடத் தொடங்கிவிடும். இப்போது நூலை ஓர் ஆணியில் கட்டிவிட்டு அதையே நினைத்துப் பாருங்கள். அசையாது. அடுத்து, மறுபடி கையில் பிடித்துக் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதைப் பக்கத்திலிருப்பவர் பார்த்துச் சொல்லட்டும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1833இல் இதையே தன்மீது செய்து பார்த்து எழுதினார். கண்ணைக் கட்டியதும் அவர் கையிலிருந்த ஊசல் அடங்கிவிட்டது. தன் அனுபவத்தையே சோதனைக்கு உட்படுத்திய அந்த ஒரு செயல், அவர் பெற்ற பட்டங்களைவிட அறிவியலுக்கு நெருக்கமானது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயசான நீரோட்டக்காரர் ஒருவர் நாற்பது வருடம் காடுமேடு சுற்றியிருப்பார். எங்கே பள்ளம், எந்தப் புற்று ஈரமாக இருக்கிறது, எந்த வேம்பு கோடையிலும் வாடாமல் நிற்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணுக்குப் படும். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே மரங்களையும் புற்றுகளையும் வைத்து நீர் தேடுவதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. அந்த அறிவு கண்ணில் இருக்கலாம், பெயர் மட்டும் குச்சிக்குப் போய்ச்சேர்கிறது. கண்ணையும் குச்சியையும் பிரித்துப் பார்க்கச் சோதனை வேண்டும்.

சோதனையை எப்படி அமைப்பது

சமமான நிலத்தில் இரண்டு அடி ஆழத்தில் ஒரு பி.வி.சி. பைப்பைப் புதையுங்கள். மோட்டார் எந்நேரமும் ஓடட்டும். வால்வைத் திருப்பினால் தண்ணீர் புதைத்த பைப்பில் போக வேண்டும், இன்னொரு பக்கம் திருப்பினால் வேறு பைப்பில் தொட்டிக்கே திரும்ப வேண்டும். மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போட்டால் சத்தமே விடையைச் சொல்லிவிடும். பைப் மூட்டில் கசிவு இருக்கக் கூடாது, ஈரம் காட்டிக்கொடுக்கும். வால்வு மறைவான இடத்தில், சாளைக்குப் பின்னால் இருக்கட்டும்.

முதலில் திறந்த சுற்று. "இப்போது தண்ணீர் ஓடுகிறது", "இப்போது ஓடவில்லை" என்று சொல்லிவிட்டே குச்சியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓடும்போது வளைகிறது, இல்லாதபோது வளையவில்லை, இந்த இடமும் பைப்பும் வேகமும் எனக்குச் சரிதான் என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால், பிறகு "பைப்புத் தண்ணி வேறு, பூமித் தண்ணி வேறு" என்ற பேச்சு வரும். அதைத் தடுக்க முடியாது.

அடுத்து மறைவுச் சுற்று. வால்வுக்காரர் ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, தலை விழுந்தால் திறக்க வேண்டும், பூ விழுந்தால் மூட வேண்டும். தன் இஷ்டத்துக்குத் திறந்து மூடினால் மனிதப் பழக்கத்தில் ஒரு வரிசை வந்துவிடும், எதிராளி அதை ஊகித்துவிடுவார். நீரோட்டக்காரரின் பக்கத்தில் நின்று குறிப்பு எடுப்பவருக்கும் விடை தெரியக் கூடாது. ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டுக் குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஆராய்ந்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாத கேள்விகளில் குதிரை தோற்றது. சரியான எண் வந்ததும் கேட்பவர் தலையில் தெரிந்த நுண்ணிய அசைவைத்தான் அது படித்திருந்தது. குதிரைக்கே இது முடியும் என்றால் மனிதருக்கு எவ்வளவு எளிது!

இருபது முறை செய்யுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே பத்து சரியாக வரும். 16 அல்லது அதற்கு மேல் வெறும் அதிர்ஷ்டத்தில் வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஆறு. ஆகவே "16 வந்தால் திறமை என்று ஒப்புக்கொள்கிறோம், குறைந்தால் இல்லை" என்று தொடங்குவதற்கு முன்பே எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. இருபது முடிந்த பிறகு "இன்னும் ரெண்டு தடவை" என்றும் நீட்டக் கூடாது, சாதகமான இடத்தில் நிறுத்துகிறவருக்கு எந்தச் சோதனையும் சாதகமாக முடியும். 16 வந்துவிட்டால் வேறொரு நாள் மறுபடியும் செய்ய வேண்டும், ஏனென்றால் இருநூறு பேரைச் சோதித்தால் ஓரிருவருக்கு அதிர்ஷ்டம் அடிப்பது இயல்பு.

கிட்டத்தட்ட இதே அமைப்பில் 1990இல் ஜெர்மனியின் காசெல் நகரில் சுமார் முப்பது நீரோட்டக்காரர்களைச் சோதித்தார்கள். அரை மீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் பைப், தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது கேள்வி. கிடைத்தது காசு சுண்டினால் கிடைக்கும் அளவுதான். அதற்கு முன் 1987, 88இல் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில், ஒரு கோட்டில் எந்த இடத்துக்குக் கீழே பைப் இருக்கிறது என்று 43 பேரைக் கேட்டு 843 முறை சோதித்தவர்கள், சிலரிடம் மட்டும் திறமை தெரிகிறது என்று அறிவித்தார்கள். 1999இல் அமெரிக்க ஆய்வாளர் ஜிம் என்ரைட் அந்தத் தரவையே எடுத்துப் பார்த்தார். ஒரு சுற்றில் ஜொலித்தவர் அடுத்த சுற்றில் மங்கிப்போயிருந்தார். சோதனைக் கோட்டின் நடுப்புள்ளியையே எப்போதும் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு சரியாக வந்திருக்கும். தரவு முழுவதையும் வெளியில் வைத்திருந்ததால்தான் இன்னொருவரால் அதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. முடிவு தவறானாலும், அந்தத் திறந்த தன்மை அறிவியலுக்குரியது.

பெட்டியும் நாலு கம்பியும்

கருவி என்றாலே அறிவியல் என்று நம்பியதற்கு உலகம் கொடுத்த விலையைப் பாருங்கள். ஏ.டி.இ. 651 என்ற பெயரில் ஒரு வெடிகுண்டு கண்டறியும் கருவி ஈராக்கில் சோதனைச் சாவடிகளில் வைக்கப்பட்டது. ஒரு கைப்பிடி, அதில் தானாகச் சுழலும் ஆன்டெனா. உள்ளே வேலை செய்கிற மின்னணுப் பாகம் எதுவும் இல்லை. அது நம் கவட்டைக் குச்சியேதான், பிளாஸ்டிக் உடை மட்டும் போட்டிருந்தது. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் பத்து ஆண்டு சிறை விதித்தது. அந்தச் சாவடிகளைத் தாண்டிப் போன குண்டுகளில் செத்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

ஆகவே பெட்டிக்காரரிடம் கேளுங்கள்: இது பூமிக்குள் எதை அனுப்புகிறது, எதை அளக்கிறது, என்ன அலகில்? "எனர்ஜி", "அதிர்வலை", "குவாண்டம்" என்று மட்டும் பதில் வந்தால் அது பதில் அல்ல.

நிலவியலாளரின் நாலு கம்பியிடம் இதே கேள்விகளைக் கேட்டால் தெளிவான விடை இருக்கிறது. வெளிப்புற இரண்டு கம்பிகள் வழியாக மின்னோட்டம் போகிறது, உள்ளே இருக்கும் இரண்டில் மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. அதிலிருந்து மண்ணின் மின்தடைத்திறனை ஓம்-மீட்டர் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள். ஈரமான மக்கிய பாறை மின்சாரத்தை எளிதில் விடும், வெடிப்பில்லாத கரும்பாறை விடாது. வெளிக்கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க ஆழம் கூடும். கொங்குச் சீமையின் அடியில் இருப்பது நைஸ், சார்னோக்கைட், கிரானைட் போன்ற கடினப் பாறை. அதற்குள் ஆறு ஓடுவதில்லை. மேலே உள்ள மக்கிய அடுக்கிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்குகிறது.

இந்த முறையின் வரம்புகளும் தெரிந்தவையே. பார்க்க நினைக்கும் ஆழத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளத்துக்காவது வெளிக்கம்பிகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். 850 அடி பார்க்க வேண்டுமானால் முக்கால் கிலோமீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை ஒயர் இழுக்க வேண்டும். நாலு ஏக்கர் தோட்டத்தில் அதற்கு இடம் ஏது? அவ்வளவு இழுத்தாலும் அந்த ஆழத்தில் இருக்கும் மெல்லிய வெடிப்பு கண்ணில் படுவது கடினம். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரைப் போலவே குறைந்த அளவைக் காட்டி ஏமாற்றும். கம்பி வேலியும் பூமிக்கடியில் போன இரும்புக் குழாயும் அளவைக் கெடுக்கும். எனவே நிலவியலாளர் தயங்கியது திறமைக் குறைவால் அல்ல. தன் கருவி எங்கே நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் காட்டிய இடத்திலும் போர் பொய்க்கலாம், அப்போது அவர் முறை அறிவியல் இல்லை என்று ஆகிவிடாது. ஏன் பொய்த்தது என்று அளவுத்தாளை எடுத்துப் பார்க்க வழி இருக்கிறதே, அதுதான் வித்தியாசம்.

பாரம்பரியம் என்றால் போலியா?

அவசரப்பட்டு அப்படி ஒதுக்குவதும் பிழைதான். கொடுமுடி, ஈரோடு பக்கம் மஞ்சளுக்குப் பஞ்சகவ்யம் அடிக்கிறார்கள். அது பழையது என்பதால் உண்மையாகிவிடாது, பழையது என்பதால் பொய்யும் ஆகிவிடாது. சோதிக்கக்கூடிய கூற்று அது, சோதித்துப் பார்க்கலாம்.

ஒரே சீரான வயலில் ஒரே அளவில் 12 பாத்திகள் பிரியுங்கள். ஆறில் 3 சதவீதப் பஞ்சகவ்யம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. துணியில் வடிகட்டி ஊற்றுங்கள், இல்லாவிட்டால் நாசில் அடைத்து ஒரு பாத்திக்குக் குறைவாகப் போய்விடும். மற்ற ஆறிலும் அதே நாளில் அதே அளவு வெறும் தண்ணீர் அடியுங்கள். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இதைத் தவறவிடுகிறவர்களே அதிகம்: நம்பிக்கையுள்ள மருந்தை வாய்க்கால் தலைமாட்டிலும் மற்றதைக் கடைமடையிலும் வைத்துவிட்டால், விளைச்சலைக் கூட்டியது தண்ணீரா மருந்தா என்று கடைசி வரை தெரியாது. காற்றில் தெளிப்பு பக்கத்துப் பாத்திக்குப் போகும், ஆகவே ஓரத்து இரண்டு வரிசைகளை எடைபோடாமல் விட்டுவிடுங்கள். எடை போடுகிறவருக்கு எது எந்தப் பாத்தி என்று சொல்லாதீர்கள். பஞ்சகவ்யம் அடித்ததில் மிக மோசமான பாத்திகூட வெறும் தண்ணீரின் மிகச் சிறந்த பாத்தியை மிஞ்சினால், அது தற்செயலாக நடக்க 924இல் ஒரு வாய்ப்புத்தான். எடைகள் இரண்டும் கலந்து கிடந்தால், அந்த வருடம் அந்த வயலில் பயன் தெளிவாகத் தெரியவில்லை என்றுதான் எழுத வேண்டும். குலுக்கிப் பிரிக்கும் இந்த முறையைப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வயல்களில்தான் வளர்த்தெடுத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல்களிலும் ஒரு ரகத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதற்கு இதே தர்க்கம்தான்.

அறிவியலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று, பொதுமுடிவு. அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பவானியின் உபரி நீரை 1,045 ஏரி குளங்களுக்குக் கொண்டுபோகக் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. குழாயின் விட்டமும் பம்பின் சக்தியும் பொறியியல். எந்தக் குளத்துக்கு முதலில் என்பது மக்கள் பேசித் தீர்க்க வேண்டியது, அதை யாராவது "அறிவியல்பூர்வமாக" முடிவு செய்தேன் என்றால் நம்ப வேண்டாம். குளம் நிறைந்ததால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதா என்பதோ அறிவியல் கேள்வி. அதற்குக் குளத்துக்கு அருகிலும் தொலைவிலும் உள்ள கிணறுகளை மாதாமாதம் நாடா விட்டு அளந்து, மழை அளவோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருடத்தில் எல்லாக் கிணறும் ஏறும்.

இனி உங்கள் போருக்கு வருவோம். யார் இடம் காட்டினாலும் வண்டி வருவதற்கு முன்பு எழுதி வாங்குங்கள்: எத்தனை அடியிலிருந்து எத்தனை அடிக்குள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை அடியில் நிறுத்தித் தோல்வி என்று ஒப்புக்கொள்வது. இன்ச் கணக்கு வேண்டாம், அது ஆளுக்கொரு அளவாக இருக்கிறது. 200 லிட்டர் டிரம் நிறைய 100 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 120 லிட்டர், இதில் யாரும் வாதாட முடியாது. போட்ட அன்றும் அடுத்த சித்திரையிலும் அளந்து பாருங்கள். ரிக் ஓடும்போது பத்தடிக்கு ஒரு கை பாறைத்தூளைப் பையில் போட்டு அடி எண்ணை எழுதிவிடுங்கள். எந்த அடியில் தூள் முதலில் ஈரமாக வந்தது என்பதையும் குறியுங்கள். போர் வறண்டுபோனால் கோபத்தில் அந்தப் பைகளை எறிந்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதற்கு இருக்கும் ஒரே நேரடிச் சாட்சி அவைதான், அடுத்த முறை வரும் நிலவியலாளர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான்.